வீட்டில் செய்யும் மலப் பரிசோதனையா, கொலோனோஸ்கோபியா? தோட்டத்து மக்களுக்கு எது பொருந்தும்?

லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வசிக்கும் பெற்றோருக்கு, சிரம்பானிலோ நீலாயிலோ வேலை செய்யும் பிள்ளைகள் மருந்துக்கடையில் ஒரு சிறிய பெட்டியை வாங்கி வந்து கொடுப்பதுண்டு. மலத்தில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பரிசோதனைப் பெட்டி அது. பல வீடுகளில் அது பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடக்கும். பிரித்துப் பார்த்தவர்களோ, "ஒரே கோடுதான், ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைந்து அதோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்த நிம்மதி சரியானதா என்பது, பரிசோதனை செய்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

மலேசியாவில் பெருங்குடல் புற்றுநோய் இரண்டாவது பொதுவான புற்றுநோய். ஆண்களிடையே அதுவே முதலிடம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, பதிவான புற்றுநோய்களில் 13.5 விழுக்காடு இந்த வகை. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். முதல் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். நான்காம் கட்டத்தில் அது ஆறில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இது திடீரென வரும் நோயன்று. குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றி, அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு பிடிக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் சதையை வெட்டி எடுத்து நோயே வராமல் தடுக்கலாம். வலி இராது என்பதுதான் சிக்கல். காற்பந்து ஜாம்பவான் பெலேவுக்கு 2021இல் குடலின் வலப்பக்கக் கட்டி வழக்கமான உடல் பரிசோதனையின்போதுதான் தெரியவந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். வலப்பக்கக் கட்டியிலிருந்து கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து வருவதால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத அந்த இரத்தத்தைத்தான் மலப் பரிசோதனை தேடுகிறது. சுகாதார அமைச்சு 2014 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் 50 முதல் 75 வயது வரையிலானவர்களுக்கு ஐஎஃப்ஓபிடி என்ற இந்தச் சோதனையைச் செய்துவருகிறது. மருந்துக்கடைப் பெட்டிகளில் பலவும் இதே வகைதான். இது மனித இரத்தத்தை மட்டுமே அடையாளம் காணும். முதல் நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டோமே என்று தயங்கத் தேவையில்லை. பழைய வகைச் சோதனைக்குத்தான் அந்தப் பத்தியம் இருந்தது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெட்டியில் உள்ள விளக்கப் படங்கள் நாற்காலி வகைக் கழிப்பறையை நினைத்து வரையப்பட்டவை. குந்தும் கழிப்பறை உள்ள வீடுகளில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவோ, விரித்த செய்தித்தாளோ போதும். தண்ணீர் படக்கூடாது. குச்சியால் ஒரே இடத்தில் எடுக்காமல் பல இடங்களில் தொட்டு எடுக்க வேண்டும். கிளினிக்கில் கொடுக்க வேண்டிய மாதிரியை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கூடையில் விட்டுவிட்டால், சூட்டில் இரத்தத்தின் புரதம் சிதைந்து, இருப்பதும் இல்லை என்று காட்டும். மாதவிலக்கு நாட்களிலும் மூலத்தில் இரத்தம் கசியும் நாட்களிலும் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது.

எவ்வளவு நம்பலாம்? புற்றுநோய் இருக்கும் நான்கு பேரில் ஏறக்குறைய மூவரை இந்தச் சோதனை ஒரே முறையில் பிடித்துவிடும். ஆனால் புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்களில் நான்கில் ஒன்றைத்தான் காட்டும். ஆகவே இதை ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிட முடியாது. ஆண்டுதோறும் செய்ய வேண்டும். தீபாவளி முடிந்த வாரம், பிறந்தநாள் வாரம் என ஏதாவது ஒன்றை நினைவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கொலோனோஸ்கோபி வேறு வகை. முனையில் கேமரா பொருத்திய மெல்லிய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்தி, பெருங்குடல் முழுவதையும் மருத்துவர் நேரில் பார்க்கிறார். பாலிப் இருந்தால் அப்போதே அகற்றிவிடலாம். எதுவும் இல்லையென்றால், சாதாரண அபாயம் உள்ளவருக்கு அடுத்த சோதனை பத்து ஆண்டுகள் கழித்துத்தான். குடலில் துளை விழும் ஆபத்து உண்டு, ஆனால் அது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான்.

அப்படியானால் எல்லாருமே நேராகக் கொலோனோஸ்கோபிக்குப் போய்விடலாமே? தனியார் மருத்துவமனையில் அதற்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும். அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும். அதோடு, சிறந்த சோதனை என்று சொல்லி அழைத்தாலும் மக்கள் வருவதில்லை. ஸ்பெயினில் 57,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் சுமார் 32 விழுக்காட்டினரும், மலப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் கலந்துகொண்டனர். பத்தாண்டு முடிவில் இரு பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் வராத ஐம்பது வயதுத் தோட்டத் தொழிலாளி மலப் பரிசோதனையில் தொடங்குவது சரியான வழிதான். அதை ஏழைகளுக்கான மட்டமான சோதனை என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாதவர்களும் உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போகிறவர், பல வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர், காரணமின்றி எடை குறைந்தவர், இரத்தச் சோகையால் களைத்துப் போகிறவர் ஆகியோர் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். தோட்டத்தில் இரத்தம் போனால் "மூலம்", "உடம்புச் சூடு" என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் குடித்துக்கொண்டே மாதங்களை ஓட்டுவது பழக்கமாகிவிட்டது. மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் உள்ளவருக்குப் புற்று வராது என்று எந்த விதியும் இல்லை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இங்கே ஒரு தடங்கல் உண்டு. முந்தைய தலைமுறையில் பலர் "வயிற்றில் கட்டி" என்ற ஒற்றைச் சொல்லோடு போய்ச் சேர்ந்தார்கள். என்ன கட்டி என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்குப் பயன்படும்.

மிகப் பெரிய தவறு நடப்பது பரிசோதனையில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்த பிறகுதான். பயந்துபோய் இன்னொரு பெட்டி வாங்கி மறுபடியும் செய்வார்கள். இரண்டாவதில் இல்லை என்று வந்ததும் முதலாவது தவறு என்று முடிவு கட்டிவிடுவார்கள். கட்டியிலிருந்து இரத்தம் தினமும் கசிவதில்லை. ஒரு முறை இருக்கிறது என்று வந்தால் அடுத்தது கொலோனோஸ்கோபிதான். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை என்பது ஆறுதல். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. கலிபோர்னியாவில் 70,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், பத்து மாதங்களுக்கு மேல் தாமதித்தவர்களுக்குப் புற்றுநோய், அதிலும் முற்றிய கட்டப் புற்றுநோய், கூடுதலாகக் காணப்பட்டது.

சம்பளம் போய்விடுமே என்ற கவலை நாள் சம்பளக்காரருக்கு நியாயமானது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மருத்துவர் எம்சி கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். சோதனை நாளன்றே எம்சியைக் கேட்டு வாங்கி, அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெக்கா பி40 திட்டத்தில் தகுதி பெறுவோர் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகையும் பெறலாம்.

உண்மையில் சிரமம் தருவது சோதனையல்ல, முதல் நாள் இரவுதான். பேதி மருந்தை லிட்டர் கணக்கில் தண்ணீரோடு குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் பழைய லயத்து வீடுகளில் வயதானவர்களுக்கு அது பெரும்பாடு. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் சோதனை என்றால், பட்டணத்தில் உள்ள உறவினர் வீட்டில் முதல் நாளே தங்கிவிடுவது உத்தமம். கீரை, கொட்டையுள்ள பழம், கச்சான் போன்றவற்றைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீரிழிவு மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எதுவானாலும் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அரைமயக்க மருந்து கொடுப்பதால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. கூட்டிப்போகவும் கூட்டிவரவும் ஒருவர் வேண்டும். அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்த பிள்ளை அன்று ஒரு நாள் லீவு போட்டால் போதும்.