மலை மேப்பில் பொய்க் கோடுகள்: நீக்குவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியதும் நான் ஆசையாகச் செய்து பார்த்த வேலைகளில் ஒன்று நீலகிரியின் நிழல் மேப். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் பூமியின் உயரங்களை அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்த டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச சாப்ட்வேரில் அதைத் திறந்து, 'ஹில்ஷேட்' கட்டளை கொடுத்தால் போதும். வெயிலில் நிற்பது போல மலைகள் எழுந்து நிற்கும்.

என் மேப்பில் மலைகளின் மேல் சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடின. தேயிலைத் தோட்டப் படிகள் என்று நினைத்து நண்பர்களிடம் பெருமையாகக் காட்டினேன். பிறகுதான் உறைத்தது. இந்த டேட்டாவில் ஒரு கட்டம் என்பது சுமார் 30 மீட்டர். தேயிலை வரிசை அதில் தெரியவே தெரியாது! தவிர, படிகள் மலையின் வளைவை ஒட்டிப் போகும். இவையோ மேடு பள்ளம் பாராமல் நேராக ஓடின.

காரணம் என்ன? டேட்டா டிகிரி அளவில் இருக்கும். அதை மீட்டருக்கு மாற்றும்போது, பழைய கட்டங்கள் புதிய கட்டங்களில் சரியாகப் பொருந்தாது. 'நியரஸ்ட் நெய்பர்' முறை அருகிலுள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போடும். அதனால் சில வரிசைகள் இரண்டு முறை வரும், சில விடுபடும். இரண்டு முறை வந்த இடம் சமதரையாகவும், அடுத்தது திடீர்ச் சரிவாகவும் ஆகிவிடும். உயரத்தை வண்ணத்தில் பார்த்தால் இது தெரியாது. நிழலோ சரிவைக் கணக்கிட்டு வரைவது. சிறு பிழையும் பளிச்சென்று தெரியும்.

சரி செய்யும் வழி:

1. ராஸ்டர் மெனுவில் ப்ரொஜெக்ஷன்ஸ், அதில் வார்ப் செல்லுங்கள்.

2. நீலகிரிக்கு இபிஎஸ்ஜி 32643 என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

3. ரீசாம்ப்ளிங் முறையில் 'பைலீனியர்' அல்லது 'க்யூபிக்' கொடுங்கள். முன்பே தேர்வாகி இருப்பது நியரஸ்ட் நெய்பர்தான்.

4. அவுட்புட் டேட்டா டைப்பை 'ஃப்ளோட் 32' ஆக்குங்கள். இல்லையென்றால் உயரங்கள் முழு மீட்டராகச் சுருங்கி, சமவெளியில் படிக்கட்டு தோன்றும்.

5. இந்தப் புதிய ஃபைலுக்கு ஹில்ஷேட் கொடுங்கள்.

கோடு விழுந்த படத்தை போட்டோ எடிட்டரில் மங்கலாக்கிச் சமாளிக்காதீர்கள். கோட்டுடன் உண்மையான ஓடைகளும் சேர்ந்து அழிந்துவிடும்.

மேப்பில் புதிதாக ஏதாவது கண்டால், அது மலையில் இருக்கிறதா, நம் கணக்கில் இருக்கிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.