பழைய மடிக்கணினியை எறிவதற்கு முன்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தே போய்விடலாம். மெதுவாகிப்போன மடிக்கணினியோடு அங்கே போகிறவர்களில் பலர், இனி புதிதுதான் வாங்க வேண்டும் என்று பாதி முடிவு செய்துவிட்டே கிளம்புகிறார்கள். அந்த முடிவுக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. வயதைவிடச் சுமைதான் பெரும்பாலான கணினிகளைப் படுத்துகிறது.

விண்டோஸ் திறக்கும்போதே பல மென்பொருள்கள் கேட்காமலே எழுந்துகொள்கின்றன. அச்சுப்பொறிக்கு ஒன்று, கோப்புகளை மேகத்தில் ஏற்ற ஒன்று, என்றோ விளையாடிய விளையாட்டுக்கு ஒன்று, வாங்கும்போதே கடைக்காரர் போட்டுக்கொடுத்தவை சில. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சின்னவைதான். ஆனால் பழைய கணினிகள் பலவற்றில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. சிதறிக்கிடக்கும் கோப்புகளை அதனால் நொடிக்கு நூறு முறை அளவுக்குத்தான் தேடி எடுக்க முடியும். ஒரே நேரத்தில் இருபது மென்பொருள் கேட்டால் வரிசை நீளத்தானே செய்யும்?

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு பத்து விழுக்காட்டில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறைத் தொட்டு அப்படியே நின்றால் நோய் பிடிபட்டுவிட்டது. அதிலேயே உள்ள ஸ்டார்ட்அப் பக்கத்தில் வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். பின்னணியில் ஓடும் சேவைகளில் கை வைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும்: எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் மைக்ரோசாஃப்டின் சேவைகளை மறைத்துவிட்டு, எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே பாதுகாப்பு. வைரஸ் தடுப்பு இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கலாம்; இரண்டையும் நீக்கக்கூடாது.

அதற்கும் அசையவில்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் வழி. அதில் சுழலும் பாகமே இல்லை. தேடி எடுக்கும் வேகம் பல நூறு மடங்கு. புது மடிக்கணினியின் விலையில் இது சிறு பங்குதான்.

பழையதால் ஆகும் காரியத்தைச் சிங்கப்பூர் 2020-ல் கண்டது. ஏப்ரலில் கோவிட்-19 பரவலால் பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் வீட்டுக்கு வந்தபோது கணினி இல்லாத பிள்ளைகள் தவித்தார்கள். எஞ்சினியரிங் குட் என்ற தொண்டமைப்பு, மக்கள் கொடுத்த பழைய மடிக்கணினிகளைத் தொண்டூழியர்களைக் கொண்டு பழுதுபார்த்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொண்டு சேர்த்தது. அலமாரியில் முடங்கிக் கிடந்தவற்றில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள் என்பது சின்ன விஷயமா?

பழைய கணினியை வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 2018-க்கு முந்திய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் காசு செலவில்லாமல், பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. உண்மையிலேயே செத்துப்போன கணினி என்றால், உள்ளிருக்கும் தகவல்களை அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். மூச்சு இருக்கிற கணினியை அங்கே அனுப்பிவிடாதீர்கள்; வேண்டாமென்றால் தேவைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.