தாயின் பெயரைச் சுமந்த காசுகள்

புக்கிட் ரம்பாய் - நம் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்ற சொற்களுக்குப் பின் வருவது அப்பாவின் பெயர். அம்மாவின் பெயருக்கு அந்த அட்டையில் இடமில்லை. ஆனால், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சில காசுகளில் தாய்க்கு இடம் இருந்தது.

எகிப்தை ஆண்ட ஏழாம் கிளியோபாட்ராவுக்கும் ரோமானியத் தலைவர் ஜூலியஸ் சீசருக்கும் கி.மு. 47இல் பிறந்தவர் சிசேரியன். அப்போது சைப்ரஸ் தீவில் அச்சான வெண்கலக் காசில், கிளியோபாட்ரா கைக்குழந்தையுடன் காணப்படுகிறார். தோளுக்குப் பின் செங்கோல். மறுபக்கத்தில் வளத்தைக் குறிக்கும் இரட்டைக் கொம்பு. குழந்தை சிசேரியன்தான் என்பது நாணய ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

வெண்கலக் காசு சந்தையில் புழங்கும் சில்லறை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கைக்கும் அது போய்ச் சேரும். ஹோரஸ் என்ற குழந்தைக்குப் பாலூட்டும் ஐசிஸ் தெய்வத்தை எகிப்திய மக்கள் நன்கு அறிவார்கள். எனவே, 'அரசுக்கு வாரிசு பிறந்துவிட்டது' என்ற செய்தியைச் சொல்ல அந்தப் படமே போதும். ஆயினும், கி.மு. 30இல் கிளியோபாட்ரா இறந்தபின், பதின்ம வயதிலிருந்த சிசேரியனை ஒக்டேவியன் கொல்லச் செய்தார்.

நமக்கு நெருக்கமான சான்று தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்களின் காசுகள். இவற்றில் தாயின் உருவம் இல்லை, பெயர் உண்டு. கௌதமிபுத்திரர் என்றால் கௌதமியின் மகன். வாசிஷ்டிபுத்திரர் என்றால் வாசிஷ்டியின் மகன். அரசருக்கு மனைவியர் பலர் இருந்ததால், எந்த அரசியின் மகன் என்று காட்ட இப்பெயர் உதவியது என்பது ஒரு விளக்கம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவர்கள் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம் இருப்பது தமிழ் என்று அறிஞர் பலரும், வேறொரு திராவிட மொழி என்று சிலரும் கூறுகின்றனர். அங்கே வாசிஷ்டியின் பெயரை அடுத்து, நாம் இன்றும் சொல்லும் 'மகன்' என்ற சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது.

தோட்டங்களில் பால் மரம் சீவிக் குடும்பத்தைக் காத்த பெண்களுக்குக் காசு அடிக்க யாரும் இல்லை. அம்மா, பாட்டி, பூட்டி என வரிசையாக அவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். மூன்றாவது பெயரில் பேனா நின்றுவிட்டால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.