தளர்ந்த கியர்த் தண்டு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் கியர்த் தண்டு, கஞ்சியிலிட்ட அகப்பைபோல் ஆடக் காண்கிறோம். உடனே கியர்ப் பெட்டியே கெட்டதென முடிவுகட்டிப் பெரும்பொருள் செலவிடுவாரும் உளர். 1989-ஆம் ஆண்டு வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை நோக்குவோம். இதன் தண்டு நேரே கியர்ப் பெட்டியினுள் இறங்குகிறது. தண்டின் அடிநுனியைப் பொதிந்துள்ள சிறு பிளாஸ்டிக் புஷ் தேய்வதே தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணமாம். ரப்பர் உறை கிழியின் வெப்பமும் இரைச்சலும் உள்ளே ஏறும்.

ஆதலின், கைப்பிரேக்கை இட்டுக் கியரை நியூட்ரலில் நிறுத்தி, குமிழையும் நடுமூடியையும் மேலுறையையும் கழற்றி, தண்டைப் பிணித்த மூன்று போல்ட்டுகளை நீக்கி அதனை மேலே தூக்குவோம். தேய்ந்த புஷ்ஷையும் கிழிந்த உறையையும் மாற்றி, அங்குள்ள அழுக்கெண்ணெயை உறிஞ்சியெடுத்துப் புதிய கியர் எண்ணெய் வார்த்து மூடின், தண்டு உறுதிபெறும். பின்னும் ஆடுமாயின், அப்பொழுதே பெட்டியை ஐயுறல் வேண்டும். சிறியதைச் சோதியாது பெரியதைப் பழித்தல் அறிவுடைமை ஆகாது.