விண்வெளி நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2025 ஜூன் 26 முதல் ஜூலை 14 வரை தங்கியிருந்தார் இந்திய விமானப் படையின் சுபான்ஷு சுக்லா. அவர் மிதந்தபடி பேசிய காணொலிகளை நாடே பார்த்தது. ‘அங்கே ஈர்ப்பு விசை கிடையாது, அதனால் மிதக்கிறார்’ என்பதுதான் நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளக்கம். அது தவறு. ஈர்ப்பு விசை இல்லாவிட்டால் அந்த நிலையமே அங்கே இருக்காது.

ஈர்ப்பைக் கணக்கிட, தூரத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். தரையில் நிற்பவர் மையத்திலிருந்து சுமார் 6,370 கி.மீ. தள்ளி இருக்கிறார். நிலையத்தில் இருப்பவர் அதைவிட 400 கி.மீ. மட்டுமே கூடுதலாகத் தள்ளி இருக்கிறார். அதனால் ஈர்ப்பும் கொஞ்சம்தான் குறைகிறது. தரையில் உள்ளதில் சுமார் 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்ட முடிந்தால், 60 கிலோ எடையுள்ளவர் அதன் உச்சியில் 53 கிலோ இருப்பார். அவர் மிதக்க மாட்டார். கால் தவறினால் கீழே விழுவார்.

அப்படியானால், அதே உயரத்தில் இருக்கும் 420 டன் நிலையம் மட்டும் ஏன் விழவில்லை? அதுவும் விழுகிறது, ஒவ்வொரு விநாடியும் விழுகிறது. ஆனால், தரையைத் தொட முடியாத வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுகிறது.

நியூட்டனின் பீரங்கி

இதை முதலில் தெளிவாக விளக்கியவர் ஐசக் நியூட்டன். அவர் மறைந்த மறு ஆண்டு, 1728இல் வெளியான நூலில் அந்த விளக்கம் இருக்கிறது. மிக உயரமான மலையின் உச்சியிலிருந்து ஒரு குண்டைக் கிடைமட்டமாக எறிவதாகக் கொள்வோம். குண்டு வளைந்து சென்று தரையில் விழும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் தள்ளி விழும். கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது விழும் இடமே இல்லாமல் பூமியைச் சுற்றிவந்துவிடும்.

அந்த வேகம் எவ்வளவு? கையிலிருந்து விடப்பட்ட பொருள் முதல் விநாடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழும். பூமி உருண்டை என்பதால், ஓரிடத்திலிருந்து நேர்க்கோட்டில் 8 கி.மீ. சென்றால் தரை நமக்குக் கீழே ஏறக்குறைய 5 மீட்டர் விலகியிருக்கும். விநாடிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடும் பொருள் 5 மீட்டர் விழும். தரையும் 5 மீட்டர் விலகும். காற்று தடுக்காதவரை, இடைவெளி குறையவே குறையாது.

சற்று உயரத்தில் இருக்கும் விண்வெளி நிலையத்துக்கு விநாடிக்கு 7.66 கி.மீ. போதும். மணிக்குக் கணக்கிட்டால் சுமார் 27,600 கி.மீ. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 93 நிமிடம். ராக்கெட் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சாயத் தொடங்குவதும் இதற்காகத்தான். உயரத்தை எட்டுவதைவிட, இந்தப் பக்கவாட்டு வேகத்தைப் பெறுவதற்குத்தான் அது மிக அதிக ஆற்றலைச் செலவிடுகிறது.

நிலையத்தின் உள்ளே இருப்பவர்கள் மிதப்பதும் இந்த விழுதலால்தான். தரை நம்மைத் தாங்குவதால்தான் எடையை உணர்கிறோம். கம்பி அறுந்து விழும் லிஃப்டில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது நின்றால், முள் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆளும் இயந்திரமும் லிஃப்டும் ஒன்றாக விழுவதால், ஒன்றை ஒன்று தாங்குவதில்லை. நிலையத்தில் இந்த நிலை நிரந்தரமாக நீடிக்கிறது.

உயரம் கூடினால் வேகம் குறையும்

பூமியிலிருந்து விலக விலக ஈர்ப்பு தளர்கிறது. அதனால் சுற்றத் தேவையான வேகமும் குறைகிறது. 35,786 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 3 கி.மீ. வேகம் போதும். அங்கே ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரமும் அதுவே. ஆகவே நிலநடுக்கோட்டுக்கு மேலே அந்த உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிறது. மொட்டைமாடியில் டிடிஎச் டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பி வைத்துவிட்டால் போதும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த விதி விண்வெளி வீரர்களையே திணறடித்திருக்கிறது. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், சுற்றுப்பாதையில் இருந்த ராக்கெட் பாகத்தை நெருங்க அதை நோக்கி எஞ்சினை இயக்கினார். இடைவெளி குறையவில்லை, கூடியது. முன்னால் செல்லும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதையில் சுற்ற அதிக நேரம் பிடிக்கும். எனவே முதலில் தாழ்வான பாதைக்கு இறங்கி, அங்கே முந்தி, பிறகு மேலேற வேண்டும். இப்படிப் பாதைகளை நுட்பமாகப் பொருத்தி இரு கலங்களை விண்வெளியில் ஒன்றுசேர்க்கும் இணைப்பை 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இஸ்ரோ நிகழ்த்திக்காட்டியது. அதைச் செய்த நான்காவது நாடு இந்தியா.

காற்று பறிக்கும் ஆற்றல்

நிலையம் சுற்றிக்கொண்டிருக்க எஞ்சின் தேவையில்லை. ஆனால் 400 கி.மீ. உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. அதன் உராய்வு சிறுகச் சிறுக ஆற்றலைப் பறிப்பதால், நிலையம் மாதத்துக்குச் சராசரியாக 2 கி.மீ. இறங்குகிறது. அவ்வப்போது எஞ்சின்களை இயக்கி அதை மேலே தள்ளுகிறார்கள். அமெரிக்காவின் பழைய விண்வெளி நிலையமான ஸ்கைலேபுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. சூரியனின் சீற்றத்தால் மேல் வளிமண்டலம் விரிந்தபோது உராய்வு கூடியது. 1979 ஜூலை 11 அன்று அது சிதறி விழுந்தது. அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியா வரை சென்றன.

சர்வதேச நிலையத்துக்கும் ஓய்வு நெருங்குகிறது. அதை இறக்குவதற்கான கலத்தை உருவாக்கும் பொறுப்பை 2024இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் நாசா ஒப்படைத்தது. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு பொருளின் வேகத்தை விநாடிக்கு வெறும் 100 மீட்டர் குறைத்தாலே, அதன் பாதை அடர்ந்த காற்றுக்குள் இறங்கிவிடும். இருக்கும் வேகத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை இது. எங்கே, எப்போது குறைக்க வேண்டும் என்ற கணக்குதான் முக்கியம். மக்கள் வசிக்காத தென் பசிபிக் கடற்பகுதியில் நிலையம் பத்திரமாக விழுவது அந்தக் கணக்கின் துல்லியத்தைப் பொறுத்தது.