லிஃப்ட் பண்ணின ஜீப் 80-ல ஏன் நடுங்குது?

போன வாரம் ஆவடியில இருக்கிற நண்பர் ஒருத்தர் ஒரு பிரச்சனையோட வந்தார். அவர்கிட்ட பின்னாடி லீஃப் ஸ்ப்ரிங் வச்ச பழைய ஃபோர் பை ஃபோர் ஒண்ணு இருக்கு. புது லீஃப் போட்டு, ஷாக்கிளையும் நீளமாக்கி, ரெண்டு இன்ச் தூக்கியிருக்கார். அம்பத்தூர் வழியா சி.டி.எச். ரோட்டுல ஆபீஸ் போறப்ப ஒண்ணும் தெரியல. தெரியவும் தெரியாது, அந்த டிராஃபிக்ல 40-ஐத் தாண்டினாத்தானே! ஆனா நெமிலிச்சேரியில அவுட்டர் ரிங் ரோடு ஏறி பூந்தமல்லி பக்கம் வந்தா, 70-ல ஆரம்பிக்குது. 80-ல சீட்டு, ஃப்ளோர், கியர் லீவர் எல்லாம் சேர்ந்து ரீங்காரம் போடுது.

வீல் பேலன்ஸிங் மூணு தடவை, புரொப்பல்லர் ஷாஃப்ட் பேலன்ஸிங் ரெண்டு தடவை பண்ணியாச்சு. காசு போச்சு, நடுக்கம் போகல. லிஃப்ட் பண்ணின வண்டிகள்ல இது ரொம்ப சகஜம். எல்லாரும் எடையைத்தான் சரி பண்றாங்க, கோணத்தை யாரும் அளக்கிறதில்ல.

முதல்ல இந்தக் கோணம்னா என்னன்னு பார்ப்போம். டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு சக்தியைக் கொண்டு போறதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடும், அதனால ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் கிராஸ் வச்ச யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு இது ஹூக்ஸ் ஜாயின்ட். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், இருந்தாலும் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பசங்க இதை மனப்பாடம் பண்ணினது இன்னும் காதுல இருக்கு.

இந்த ஜாயின்டுக்கு ஒரு வினோதமான குணம். அது வளைஞ்சு நிக்கிறப்ப, உள்ளே போற சுத்து ஒரே சீரா இருந்தாலும் வெளியே வர்ற சுத்து சீரா இருக்காது. ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வேகமாகும், ரெண்டு தடவை மெதுவாகும். 3 டிகிரி வளைவுல இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான், உடம்புக்கே தெரியாது. 10 டிகிரியில அது கிட்டத்தட்ட 1.5 சதவீதம். கோணம் மூணு மடங்கு கூடினதுக்கு, ஆட்டம் பத்து மடங்குக்கு மேல கூடியிருக்கு பாருங்க. கோணத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி இது வளரும். அதனாலதான் ஒரு இன்ச் லிஃப்ட்ல தப்பிச்சவங்க ரெண்டு இன்ச்ல மாட்டிக்கிறாங்க.

இதுக்குத் தீர்வு 1683-லயே வந்தாச்சு. ராபர்ட் ஹூக் சொன்னது இதுதான்: ஒரு ஜாயின்டுக்குப் பதிலா ரெண்டு ஜாயின்ட் போடு. முதல் ஜாயின்ட் உண்டாக்குற ஆட்டத்தை ரெண்டாவது ஜாயின்ட் எதிர்த்திசையில ஆட்டி கழிச்சுடும். இதுக்கு ரெண்டு நிபந்தனை உண்டு. ரெண்டு ஜாயின்டோட கோணமும் சமமா இருக்கணும். ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் இருக்கிற யோக் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். கம்பெனியில இருந்து வர்றப்ப வண்டி இப்படித்தான் வரும். லிஃப்ட் பண்றப்ப முதல் நிபந்தனை உடையுது. ஷாஃப்டைக் கழட்டி மாட்டுறப்ப சில சமயம் ரெண்டாவதும் உடையுது.

சரி, நடுக்கம் இதனாலதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கதான் நம்ம ஏரியா வருது. மணிக்கு 80 கிலோமீட்டர்னா விநாடிக்கு 22.2 மீட்டர். 255/65 ஆர் 18 டயரோட சுற்றளவு சுமார் 2.48 மீட்டர். அப்போ வீல் விநாடிக்கு 9 தடவை சுத்தும். ஆக்ஸில் ரேஷியோ 4-ன்னு வச்சுக்குங்க, ஷாஃப்ட் 36 தடவை சுத்தும். இப்போ போனை ஃப்ளோர்ல டேப் போட்டு ஒட்டி, நண்பர் யாரையாவது ஓட்டச் சொல்லி, 80-ல நிலையாப் போறப்ப அதிர்வைப் பதிவு பண்ணுங்க. ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகம் பண்ணின ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுலயே ஸ்பெக்ட்ரம் வரைஞ்சு காட்டும். உச்சி 9 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தா டயர், வீல் பிரச்சனை. 36-ல வந்தா ஷாஃப்ட் பேலன்ஸ். 72-ல வந்தா கோணம், ஏன்னா சுத்துக்கு ரெண்டு தடவை. உங்க டயர் சைஸ், உங்க ரேஷியோ போட்டு இதே கணக்கைப் போட்டுக்குங்க.

இதுல ரெண்டு பொறி இருக்கு. முதல் பொறி சாஃப்ட்வேர்காரங்களுக்கே உரியது. போன் சென்சார் விநாடிக்கு 100 தடவைதான் படிக்குதுன்னா, 50 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற எதையும் அது சரியா பார்க்க முடியாது. 72 ஹெர்ட்ஸ் அதிர்வு உங்க கிராஃப்ல 28-ன்னு வேஷம் போட்டு நிக்கும், நீங்க வேற எதையோ தேடிப் போவீங்க. சாம்ப்ளிங் ரேட் 200-ஆவது இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா வேகத்தைக் குறைச்சு, அந்த அதிர்வு சாம்ப்ளிங் ரேட்டோட பாதிக்குக் கீழ வர்ற வேகத்துல அளக்கணும்.

ரெண்டாவது பொறி எஞ்சின். நாலு சிலிண்டர் எஞ்சினும் சுத்துக்கு ரெண்டு தடவைதான் உதறும். பழைய அஞ்சு கியர் வண்டிகள்ல நாலாவது கியர் பெரும்பாலும் நேரடி கியர், அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தும். அப்போ ரெண்டும் 72-லயே வந்து உட்காரும். அதனால அதே வேகத்துல அஞ்சாவது கியருக்கு மாத்திப் பாருங்க. உச்சி நகர்ந்தா எஞ்சின். நகராம அங்கேயே நின்னா கியர்பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கிற ஏதோ ஒண்ணு. என்னைக் கேட்டா, இந்த டெஸ்ட் ஒண்ணே பாதி வேலையை முடிச்சுடும். இதுக்கு காசும் வேணாம், ஜாக்கும் வேணாம்.

நண்பர் வண்டியில உச்சி 72 பக்கம் வந்துச்சு, கியர் மாத்தினாலும் நகரல. அப்புறம் சமதரையில, நாலு வீலும் தரையில ஊனி நிக்க வச்சு கோணம் அளந்தோம். சேஸியை ஜாக்ல தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்தா எண்ணெல்லாம் பொய். காந்தம் வச்ச டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் இருந்தா போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் அவுட்புட் பின்பக்கம் 2 டிகிரி சரிவு. ஷாஃப்ட் 10 டிகிரி சரிவு. பினியன், அதாவது ஆக்ஸிலோட மூக்கு, 5 டிகிரி மேல் நோக்கி. முன் ஜாயின்ட் பத்துல ரெண்டு போக 8 டிகிரி. பின் ஜாயின்ட் பத்துல அஞ்சு போக 5 டிகிரி. ரெண்டும் சமம் இல்ல. மிச்சத்தைக் கணக்குப் போட்டா, எட்டோட வர்க்கத்துல இருந்து அஞ்சோட வர்க்கத்தைக் கழிச்சு வர்க்கமூலம் எடுத்தா, சுமார் 6.2. அதாவது 6 டிகிரிக்கு மேல வளைஞ்ச ஒத்தை ஜாயின்டை வச்சு ஓட்டுற மாதிரி. நீளமான ஷாக்கிள் லீஃபோட பின்முனையைக் கீழே தள்ளினதுல ஆக்ஸில் மூக்கு நிமிர்ந்துடுச்சு, அவ்வளவுதான். இதை எந்த பேலன்ஸிங் மெஷினும் பிடிக்காது, ஏன்னா மெஷின்ல ஷாஃப்ட் நேரா நிக்குது.

இதுக்கு மலிவான வழி, லீஃபுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சாய்வான ஷிம் வச்சு மூக்கை இறக்குறது. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் வச்சிருக்கிறவங்க கடைஞ்சு குடுப்பாங்க. அலுமினியத்தைவிட ஸ்டீல்தான் என் சாய்ஸ், காட்டு ரோட்டுல அலுமினியம் நசுங்கி விரிசல் விடுது. நிக்கிறப்ப மூக்கை ஒரு டிகிரி கூடுதலாவே தாழ்த்தி வைக்கணும், ஏன்னா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா லீஃப் முறுக்கி மூக்கு தானா மேல வரும். காயில் ஸ்ப்ரிங் வண்டின்னா ஷிம் கிடையாது, நீளம் மாத்துற மாதிரி கன்ட்ரோல் ஆர்ம் வேணும்.

ஆனா 8-ம் 8-ம் சமமாயிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பின்னாடி வெளியே வர்ற சுத்து சீராகும், நடுவுல இருக்கிற ஷாஃப்ட் இன்னும் வேகமாகி மெதுவாகித்தான் சுத்தும். கிராஸும் சீக்கிரம் தேயும். ஹைவேல நிம்மதியா போகணும்னா 3 டிகிரி சுத்துவட்டாரத்துல இருக்கிறது நல்லது. அது முடியலன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ரெட்டை ஜாயின்ட் வச்ச ஷாஃப்ட் போடுவாங்க. அதுக்கு விதி வேற: பினியன் மூக்கு ஷாஃப்டை நேராப் பார்க்கணும். அந்த ஷாஃப்டைப் போட்டுட்டு பழைய சம கோண விதியையே பிடிச்சுக்கிட்டா நடுக்கம் திரும்ப வரும்.

அப்புறம் ஸ்ப்லைன். வண்டியைத் தூக்கினா ஷாஃப்டோட சறுக்கு முனை வெளியே இழுபடும். உள்ளே பிடிப்பு குறைஞ்சா அதுவே ஆடும். அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெயின்ட்ல கோடு போடுங்க. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் யோக் நேர்கோடு போயிடும்.

இதை உதாசீனம் பண்ணக்கூடாததுக்குக் காரணம் சத்தம் இல்ல. கிராஸ் உடைஞ்சு ஷாஃப்டோட முன் முனை ரோட்டுல விழுந்தா, அது தரையில குத்தி வண்டியையே தூக்கிடலாம். பின் முனை விட்டா பிரேக் லைன், டீசல் லைனை அடிக்கும். ஷாஃப்டைக் கழட்டுறப்ப வீலுக்கு கட்டை கட்டாயம். ஷாஃப்ட் இல்லாம கியர்ல போட்டு நிறுத்தினா வண்டி நிக்காது, சில பழைய ஜீப்கள்ல ஹேண்ட்பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸ்லதான் இருக்கு.

இன்னொண்ணு, லிஃப்ட் பண்ணணும்னு இப்பதான் யோசிக்கிறவங்களுக்கு. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவை ஒரு தடவை படிச்சுட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு பட்டறைக்குப் போங்க. தூக்குறதுக்கு முன்னாடியே மூணு கோணத்தையும் அளந்து போன்ல குறிச்சு வச்சுக்குங்க. பின்னாடி நடுக்கம் வந்தா ஒப்பிட அந்த மூணு எண்தான் இருக்கும்.