கறுப்புக் கோழிக்கு வெள்ளைக் குஞ்சா?

வாரத்துக்கு விட்ட கறுப்புப் பெட்டையின் குஞ்சுகளில் ஒன்று வெள்ளையாக வளர்ந்தது. முட்டையை மாற்றிவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் இரண்டு வீட்டாருக்குப் பேச்சே நின்றுபோனது. சேவலும் கறுப்புத்தான்.

இதில் யார் மீதும் குற்றமில்லாமல் இருக்கலாம். நிறத்துக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குஞ்சுக்கு வருகிறது. வெள்ளைக்கானதில் ஒருவகை, ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. சேவல், பெட்டை இரண்டிலும் அது ஒளிந்திருந்தால் சராசரியாக 4 குஞ்சில் 1 வெள்ளையாகும். ஒரு அடையில் மூன்றும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம்.

வெள்ளை வேண்டாமென்றால் சேவலை மாற்றுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் 2, 3 வாரம் தங்கும். அதுவரை இடும் முட்டைகளை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.